அத்தியாயம் 6: பதிவு முதலில், விசா பிறகு – மிட்வைஃப் ஆஸ்திரேலியா செல்லும் வழிகள்

ஆஸ்திரேலியா போவதென்று முடிவெடுத்த செவிலியர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, “189 விசா நல்லதா, 482 விசா நல்லதா?” என்றுதான். இதற்கு உடனே பதில் சொல்லிவிடும் ஏஜென்ட்டிடம் எச்சரிக்கையாக இருங்கள். உங்கள் வயது, படிப்பு, அனுபவம், குடும்பத்தில் எத்தனை பேர், கையில் எவ்வளவு பணம், எத்தனை காலம் காத்திருக்க முடியும் என்பதெல்லாம் தெரியாமல் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது.

விசாக்களை எடைபோட ஒரு அளவுகோலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் கிடைக்கும் விசா என்பதற்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதற்கடுத்த முடிவை உங்கள் கையில் விட்டுவைக்கும் விசாவைத் தேர்ந்தெடுங்கள். மருத்துவமனை பிடிக்கவில்லை என்றால் மாற முடியுமா, கணவருக்கு வேலை கிடைக்கும் ஊரில் குடியிருக்க முடியுமா, நிரந்தரக் குடியிருப்புக்கு இன்னொருவர் தயவை எதிர்பார்க்க வேண்டியிருக்குமா? இந்த மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு விசாவிடமும் கேட்டுப் பாருங்கள்.

நர்ஸா, மிட்வைஃபா?

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர் நர்சிங் கவுன்சிலில் பதியும்போது நர்ஸ், மிட்வைஃப் என்ற இரண்டு தகுதிகளும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஆர்.என்.ஆர்.எம். என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறோம். ஆஸ்திரேலியாவில் இவை இரண்டு தனித்தொழில்கள், பதிவும் தனித்தனி. அங்கே நர்சிங் படிக்காமலேயே மூன்றாண்டு மிட்வைஃபரி பட்டம் பெற்று மிட்வைஃபாக மட்டும் வேலை செய்பவர்கள் ஏராளம். ஆகவே, நம் சான்றிதழில் இரண்டும் இருக்கிறது என்பதால் அங்கே இரண்டும் கிடைத்துவிடாது.

பதிவு தருவது ஆஸ்திரேலிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி வாரியம். விண்ணப்பங்களைக் கையாளும் அமைப்பு அப்ரா. அதன் இணையதளத்தில் ‘செல்ஃப் செக்’ என்ற வினாத்தொகுப்பு இருக்கிறது. மிட்வைஃபாகப் பதிவு கேட்கிறீர்கள் என்றால் உங்கள் மிட்வைஃபரிப் படிப்பு பற்றித்தான் அது கேட்கும். நீங்கள் தரும் விடைகளைப் பொறுத்து மூன்று பிரிவுகளில் ஒன்றில் வைக்கப்படுவீர்கள்.

ஏ பிரிவு: படிப்பு ஆஸ்திரேலியப் படிப்புக்கு ஏறக்குறைய நிகர். தேர்வு இல்லை, நேராகப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

பி பிரிவு: படிப்பு தொடர்புடையதுதான், ஆனால் நிகர் இல்லை. கணினியில் எழுதும் கொள்குறித் தேர்விலும், பிறகு அடிலெய்டில் நடக்கும் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்விலும் தேறவேண்டும். இரண்டாவதற்கு நேரில் போயாக வேண்டும். பயணம், தங்குமிடம், அதற்கான பார்வையாளர் விசா ஆகியவற்றின் செலவை இப்போதே கணக்கில் சேருங்கள்.

சி பிரிவு: இந்தத் தகுதியோடு பதிவு கிடைக்காது. படிப்பை உயர்த்திக்கொண்டு திரும்ப வரவேண்டும்.

பட்டப்படிப்புக்கு நிகரான தகுதியைத்தான் வாரியம் எதிர்பார்க்கிறது. ஏ.என்.எம். பயிற்சி மட்டும் போதாது. ஜி.என்.எம். டிப்ளமோவோடு நிற்பவர்கள் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்துவிட்டு முயன்றால் நிலைமை வலுவாக இருக்கும். அண்மைக்காலப் பணி அனுபவமும் தேவை: கடந்த ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 450 மணி நேரம். மிட்வைஃபாகப் பதிய வேண்டுமானால் அந்த மணிகள் மிட்வைஃபரிப் பணியில் கழிந்தவையாக இருக்கவேண்டும். ஆகவே பிரசவ அறை, கர்ப்பகாலப் பரிசோதனை, பிரசவத்துக்குப் பிந்தைய வார்டு ஆகியவற்றில் எப்போது, எவ்வளவு காலம் வேலை செய்தீர்கள் என்று தனித்தனியாக எழுதிய அனுபவக் கடிதத்தை மருத்துவமனையிடம் கேட்டு வாங்குங்கள். “ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிந்தார்” என்ற ஒற்றை வரிக் கடிதம் இங்கே பயன்படாது. கல்லூரியில் நீங்கள் பார்த்த பிரசவங்களையும் நடத்திய பிரசவங்களையும் குறித்துவைத்த கேஸ் புக் வீட்டுப் பரணில் கிடந்தால் அதையும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

நர்ஸாகப் போய் மிட்வைஃபாவது

மிட்வைஃப் கதவு உடனே திறக்காவிட்டால் கனவைக் கைவிட வேண்டியதில்லை. நர்ஸாகப் பதிந்து அங்கே போய், பிறகு மிட்வைஃபரியில் கிராஜுவேட் டிப்ளமோ படிக்கலாம். பதிவுபெற்ற நர்ஸ்களுக்கென்றே உள்ள படிப்பு இது. ஏறத்தாழ ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு. பல இடங்களில் மருத்துவமனை வேலையோடு சேர்த்தே படிக்கவேண்டியிருக்கும். அதனால் உங்கள் விசாவோடு சேரமுடியுமா, கட்டணம் எவ்வளவு என்று பல்கலைக்கழகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

சிங்கப்பூரிலோ பிரிட்டனிலோ வேலை செய்யும் தமிழ்ச் செவிலியர்களுக்கு இந்த வழி இப்போது எளிதாகியிருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, சிங்கப்பூர், ஸ்பெயின், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, ஒன்டாரியோ ஆகிய இடங்களில் பதிந்து, 2017 முதல் குறைந்தது 1,800 மணி நேரம் வேலை செய்த நர்ஸ்களுக்குத் தேர்வில்லாத பதிவு வழி திறந்திருக்கிறது. இந்தியாவில் படித்தவரும் இதில் வரலாம். ஆனால் இந்தச் சலுகை நர்ஸ்களுக்கு மட்டும்தான், மிட்வைஃப்களுக்கு இல்லை. “புதிய விதி வந்துவிட்டது, மிட்வைஃபாகவே தேர்வில்லாமல் போகலாம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இந்த முடிவு விசாவையும் நேரடியாகப் பாதிக்கும். குடிவரவுத் துறையின் தொழில் பட்டியலில் மிட்வைஃபுக்கு 254111 என்ற எண் இருக்கிறது. நர்ஸ்களுக்கு 2544 என்று தொடங்கும் வேறு எண்கள், பணிப்பிரிவு வாரியாக. எந்த எண்ணில் விண்ணப்பிக்கிறீர்களோ அந்தத் தொழிலுக்கான திறன் மதிப்பீடு, அந்தத் தொழிலில் பெற்ற அனுபவம், அந்தத் தொழிலுக்கான பதிவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எட்டு ஆண்டுகள் ஐ.சி.யூ.வில் வேலை செய்துவிட்டு மிட்வைஃப் எண்ணில் அனுபவப் புள்ளி கேட்க முடியாது.

திறன் மதிப்பீடும் ஆங்கிலமும்

புள்ளி முறையில் வரும் விசாக்களுக்குத் திறன் மதிப்பீட்டுக் கடிதம் வேண்டும். நர்ஸ்களுக்கும் மிட்வைஃப்களுக்கும் அதைத் தருவது ஆன்மேக் என்ற அமைப்பு. அப்ரா தருவது வேலை செய்யும் உரிமை. ஆன்மேக் தருவது குடிபெயர்வுக்கான மதிப்பீடு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. ஆனால் அப்ரா பதிவு கையில் இருந்தால் ஆன்மேக்கின் சுருக்கமான மதிப்பீட்டு முறையில் விண்ணப்பிக்கலாம். ஆவணச் சுமை வெகுவாகக் குறையும்.

ஆங்கிலத் தேர்வில் பலர் தெரியாமல் இழக்கும் 10 புள்ளிகள் இருக்கின்றன. அப்ரா 2025-ல் விதியைத் தளர்த்தி, ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதலில் தலா 7 எடுத்து எழுத்தில் 6.5 எடுத்தாலும் மொத்தம் 7 இருந்தால் ஏற்கிறது. குடிவரவுத் துறையின் புள்ளிக் கணக்கு வேறு. அங்கே நான்கிலும் 7 இருந்தால்தான் 10 புள்ளி. நான்கிலும் 8 இருந்தால் 20. நான்கிலும் 6 மட்டும் என்றால் பூஜ்யம். எழுத்தில் 6.5 எடுத்தவர் மிட்வைஃபாகப் பதியலாம், ஆனால் விசாக் கணக்கில் ஆங்கிலத்துக்கு ஒரு புள்ளியும் பெறமாட்டார். புள்ளி முறையில் போக நினைப்பவர்கள் எழுத்திலும் 7 வரும்வரை விடாதீர்கள்.

தேர்வு முடிவு எத்தனை காலம் செல்லும் என்பதும் இரண்டு இடத்திலும் வேறுபடுகிறது. அப்ராவுக்கு இரண்டு ஆண்டு, புள்ளி விசாவுக்கு மூன்று ஆண்டு. தேர்வெழுதியதும் அப்ரா விண்ணப்பத்தைத் தொடங்கிவிடுவது நல்லது.

புள்ளி முறை: 189, 190, 491

இந்த மூன்றுக்கும் முதலில் ஸ்கில்செலக்ட் இணையதளத்தில் விருப்பத்தைப் பதியவேண்டும். அழைப்பு வந்தபின்தான் விண்ணப்பிக்க முடியும். அழைப்பு வந்து 60 நாட்களுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். அழைப்பு வரும்போது வயது 45-க்குக் கீழ் இருக்கவேண்டும். குறைந்தபட்சப் புள்ளி 65. அது வரிசையில் நிற்பதற்கான தகுதி மட்டுமே. அழைப்பு கிடைக்கும் என்ற உறுதி அல்ல.

189-ல் யாருடைய பரிந்துரையும் வேண்டாம். முதல் நாளிலிருந்தே நிரந்தரக் குடியிருப்பு. எந்த ஊரிலும், எந்த மருத்துவமனையிலும் வேலை செய்யலாம். நாம் வைத்துக்கொண்ட மூன்று கேள்விகளுக்கும் நல்ல பதில் தருவது இதுதான்.

190-ம் நிரந்தர விசாதான். ஒரு மாநிலம் உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். அதனால் 5 புள்ளி கூடும். அந்த மாநிலத்தில் இரண்டு ஆண்டுகள் இருப்பதாக நீங்கள் உறுதி கொடுப்பீர்கள்.

491 ஐந்தாண்டுத் தற்காலிக விசா. மாநிலமோ, பிராந்தியப் பகுதியில் வாழும் தகுதியுள்ள உறவினரோ பரிந்துரைத்தால் 15 புள்ளி கூடும். பிராந்தியப் பகுதியில்தான் வாழவும் வேலை செய்யவும் வேண்டும். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த மூன்று ஆண்டு முடியும்வரை 189, 190, 186 போன்றவற்றுக்குத் தாவ முடியாது. ‘பிராந்தியம்’ என்றதும் மின்சாரமில்லாத பாலைவனம் என்று அஞ்ச வேண்டாம். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் தவிர நாடு முழுவதும் இந்தக் கணக்கில் வருகிறது. பெர்த், அடிலெய்ட், கான்பெரா, ஹோபார்ட், கோல்ட் கோஸ்ட், நியூகாசில், ஜீலாங் எல்லாமே பிராந்தியம்தான். பெரிய மகப்பேறு மருத்துவமனைகள் அங்கும் உண்டு.

இனி இரண்டு மாதிரிக் கணக்குகள்.

30 வயது, திருமணமாகாதவர், பி.எஸ்சி. நர்சிங், பிரசவ அறையில் ஐந்தாண்டு அனுபவம், ஐ.இ.எல்.டி.எஸ். நான்கிலும் 7. வயதுக்கு 30, படிப்புக்கு 15, ஆங்கிலத்துக்கு 10, அனுபவத்துக்கு 10, தனியாக விண்ணப்பிப்பதற்கு 10. மொத்தம் 75. இவர் 189-க்கும் 190-க்கும் ஒரே நேரத்தில் விருப்பம் தெரிவித்துக் காத்திருக்கலாம்.

41 வயது, பி.எஸ்சி., பத்தாண்டு அனுபவம், அதே ஆங்கில மதிப்பெண், கணவருக்கு ஆங்கிலத்தில் தலா 6. வயதுக்கு 15, படிப்புக்கு 15, ஆங்கிலத்துக்கு 10, அனுபவத்துக்கு 15, கணவரின் ஆங்கிலத்துக்கு 5. மொத்தம் 60. 189-க்குத் தகுதி இல்லை. 190-ல் மாநிலப் பரிந்துரை கிடைத்தால் 65, 491-ல் 75. கணவருக்கும் பட்டியலில் உள்ள தொழில் இருந்து, 45 வயதுக்குட்பட்டவராக இருந்து, திறன் மதிப்பீடு பெற்றால் 5-க்குப் பதில் 10 கிடைக்கும். 40 வயதைத் தொடும் நாளில் வயதுப் புள்ளி 25-லிருந்து 15-ஆகக் குறைந்துவிடும் என்பதால், 39-ல் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இன்னொரு 5 புள்ளி காத்திருக்கிறது. நாட்டி என்ற அமைப்பு நடத்தும் சி.சி.எல். தேர்வு, ஆங்கில உரையாடலைத் தமிழிலும் தமிழ் உரையாடலை ஆங்கிலத்திலும் வாய்மொழியாகப் பெயர்க்கச் சொல்லும். மருத்துவமனை, வங்கி, பள்ளி, அரசு அலுவலகம் போன்ற அன்றாடச் சூழல்கள்தான். நோயாளிகளிடம் தினமும் தமிழில் விளக்கிச் சொல்லும் செவிலியருக்கு இது கைவந்த கலை. மேற்சொன்ன 41 வயதுக்காரர் இதில் தேறினால் 65-ஐத் தொட்டு 189 வரிசையில் நிற்கும் தகுதியையே பெற்றுவிடுகிறார்.

நிரூபிக்க முடியாத ஒரு புள்ளியைக்கூடக் கேட்காதீர்கள். அழைப்பு வந்தபின் அந்தப் புள்ளி செல்லாது என்று தெரிந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். கட்டிய பணம் திரும்பாது. 2025-26 ஆண்டில் 189-க்கு முதன்மை விண்ணப்பதாரரின் கட்டணமே 4,900 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல்.

மருத்துவமனை ஸ்பான்சர்: 482, 186, 494

வேலை தரும் மருத்துவமனையே உங்களை அழைத்துக்கொள்ளும் வழி இது. புள்ளிக் கணக்கு இல்லை. காத்திருப்பும் பெரும்பாலும் குறைவு.

482 என்ற எண்ணில் இருந்த பழைய விசா 2024 டிசம்பர் 7 முதல் ‘ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்’ என்ற பெயரில் வருகிறது. நான்கு ஆண்டுவரை செல்லும். தேவையான முன் அனுபவம் இரண்டு ஆண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்திருக்கிறது. வயது வரம்பு இல்லை. மிட்வைஃப் இதன் முக்கியத் தொழில் பட்டியலில் இருக்கிறது.

இதன் குறை, வேலையும் விசாவும் ஒரே முடிச்சில் இருப்பது. முன்பு வேலை போனால் 60 நாள் மட்டுமே அவகாசம் இருந்தது. 2024 ஜூலை முதல் ஒரே தடவையில் 180 நாள்வரை வேறு ஸ்பான்சர் தேடலாம். இது பெரிய நிம்மதிதான். ஆனாலும் வார்டில் அநியாயம் நடந்தால் எதிர்த்துப் பேசத் தயங்கும் நிலையில் நீங்கள் இருப்பீர்கள் என்பதை மறக்கவேண்டாம். பொது மருத்துவக் காப்பீடான மெடிகேர் பெரும்பாலும் கிடைக்காது. தனியார் காப்பீடு எடுக்கவேண்டும். நியூ சவுத் வேல்ஸ் போன்ற மாநிலங்களில் அரசுப் பள்ளிக்கும் கட்டணம் உண்டு. இரண்டு குழந்தைகளோடு போகும் குடும்பம் இந்தத் தொகையை முதலில் கணக்கிட வேண்டும்.

186 நேரடியாக நிரந்தரக் குடியிருப்பு தரும் ஸ்பான்சர் விசா. மூன்று ஆண்டு அனுபவமும் திறன் மதிப்பீடும் இருந்தால் நேரடி நுழைவு வழியில் கேட்கலாம். இல்லையெனில் ஸ்பான்சரிடம் 482-ல் இரண்டு ஆண்டு வேலை செய்தபின் கேட்கலாம். பொதுவாக 45 வயது வரம்பு உண்டு. 494 பிராந்தியப் பகுதிக்கான ஐந்தாண்டு ஸ்பான்சர் விசா. மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். மூன்று ஆண்டுக்குப் பிறகு 191-க்கு வழி உண்டு. 45-ஐத் தாண்டியவர்கள் வடக்குப் பிரதேசம் போன்ற பகுதிகள் செய்துகொண்டுள்ள சிறப்பு உடன்படிக்கைகளைப் பாருங்கள். அவற்றில் சில, வயதில் 55 வரை சலுகை தருகின்றன.

வேலைக் கடிதத்தில் கையெழுத்திடுமுன் நான்கு விஷயங்களை எழுத்தில் பெறுங்கள்:

1. 186-க்கு முன்மொழிவீர்களா, எப்போது? “பிறகு பார்க்கலாம்” என்ற வாய்வார்த்தை போதாது.

2. என் வெளிநாட்டு அனுபவத்தைச் சம்பளப் படிநிலையில் சேர்ப்பீர்களா? சேர்த்தால் முதல் நாளிலிருந்தே அடிப்படைச் சம்பளம் உயரும். 482-க்கான ஆண்டுச் சம்பள வரம்பு 2025 ஜூலையில் 76,515 டாலர். ஒவ்வோர் ஆண்டும் உயரும். உத்தரவாதமில்லாத ஓவர்டைம் இந்தக் கணக்கில் சேராது.

3. பணி எந்த வார்டில்? மிட்வைஃப் என்று அழைத்துப் பொது வார்டில் போட்டால் உங்கள் மிட்வைஃபரி மணிகள் குறைந்துபோகும்.

4. இடையில் விலகினால் எந்தச் செலவைத் திருப்பித் தரவேண்டும்?

ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் அரசுக்குக் கட்டும் பயிற்சி வரியை உங்கள் தலையில் கட்டுவது சட்டவிரோதம். ஸ்பான்சர்ஷிப் தருவதற்காகப் பணம் கேட்பது 2015 டிசம்பர் முதல் குற்றம். “இத்தனை லட்சம் கொடுத்தால் ஸ்பான்சர் ரெடி” என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கட்டணம் கொடுத்து ஆலோசனை பெறுவதென்றால், ஆஸ்திரேலியாவில் பதிவுபெற்ற குடிவரவு முகவரா என்று அவருடைய பதிவெண்ணைக் கேட்டு, ஒமாரா அமைப்பின் பட்டியலில் நீங்களே சரிபாருங்கள்.

மாணவர் விசாவில் போகலாமா?

செல்ஃப் செக்கில் சி பிரிவு வந்தவர்களும், இன்னும் இளமையாக இருப்பவர்களும் 500 என்ற மாணவர் விசாவில் அங்கேயே படிக்கலாம். பதிவுச் சிக்கலுக்கு இதுதான் மிகத் தெளிவான தீர்வு. ஆஸ்திரேலியாவில் படித்ததற்குப் புள்ளியும் கிடைக்கும். ஆனால் செலவு மிகுந்த வழி. விசாக் கட்டணமே 2025 ஜூலை முதல் 2,000 டாலர். ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் கையில் இருப்பதையும் காட்டவேண்டும். படிப்புக் கட்டணம் இதற்கு மேல். படித்து முடித்தபின் கிடைக்கும் 485 விசாவுக்கு 2024 ஜூலை முதல் பொது வயது வரம்பு 35. வீட்டை அடகுவைத்துப் போகும் முன், படிக்கும் படிப்பு வாரியம் அங்கீகரித்ததுதானா என்று வாரியத்தின் பட்டியலில் பார்த்துவிடுங்கள். முதியோர் பராமரிப்புச் சான்றிதழ்ப் படிப்பு எத்தனை முடித்தாலும் மிட்வைஃபாக முடியாது.

யாருக்கு எது?

45 வயதுக்குக் கீழ், பட்டம், நான்கிலும் 7, ஓராண்டாவது காத்திருக்க முடியும் என்றால் முதலில் 189, 190-க்கு முயலுங்கள். புள்ளி குறைந்து, ஊர் எதுவானாலும் சரி என்றால் 491.

பதிவு கையில் இருந்து, சீக்கிரம் சம்பாதிக்கத் தொடங்கியாக வேண்டும் என்றால் 482. நிரந்தர விசாவைப் பற்றி எழுத்து உறுதி வாங்கிக்கொண்டு போங்கள். 482-ல் வேலை செய்துகொண்டே 189-க்கும் 190-க்கும் விருப்பம் பதிந்துவைக்கத் தடையில்லை. அங்கே ஓராண்டு வேலை செய்தாலே 5 புள்ளி கூடும். முதலாளியின் கடிதத்தை மட்டும் நம்பி இருக்கவேண்டிய நிலை அதோடு மாறிவிடும்.

குழந்தைக்கோ குடும்பத்தில் ஒருவருக்கோ நீண்டகால உடல்நலக் குறைபாடு இருந்தால், எந்த விசாவுக்கும் பணம் கட்டுமுன் பதிவுபெற்ற முகவரிடம் பேசுங்கள். மருத்துவச் செலவு ஒரு வரம்பைத் தாண்டும் என்று கணித்தால் பெரும்பாலான நிரந்தர விசாக்களில் குடும்பம் முழுவதற்கும் மறுப்பு வரக்கூடும். உடன் வராத பிள்ளையும் சில சமயம் பரிசோதிக்கப்படுவார். சுகாதாரத் துறையில் வேலை செய்யப் போகும் உங்களுக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளும் உண்டு.

வேலையைத் தொடங்கும் வரிசை இது: பாஸ்போர்ட், மதிப்பெண் பட்டியல், கவுன்சில் பதிவு ஆகிய மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள், தந்தை பெயரும் கணவர் பெயரும் இன்ஷியலும் மாறிமாறி வருவது நம்மவர்களின் விண்ணப்பங்களைத் தேக்கிவைக்கும் முதல் காரணம். அடுத்து செல்ஃப் செக். அதற்குப் பிறகு ஆங்கிலத் தேர்வு, அப்ரா, ஆன்மேக். இவை நகரத் தொடங்கியபின் விசா. கட்டணங்களும் வரம்புகளும் பெரும்பாலும் ஜூலை 1-ல் மாறும் என்பதால் பணம் கட்டும் நாளில் குடிவரவுத் துறையின் இணையதளத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது செல்ஃப் செக். அதன் முடிவு வந்துவிட்டால், இந்த அத்தியாயத்தில் எந்தப் பகுதி உங்களுக்கானது என்பது தெளிவாகிவிடும்.